போலந்து ஸ்பீட்வே டீம்: நாலு பேரா போனா தங்கம், ரெண்டு பேரா போனா வெள்ளி

முதல்ல ரெண்டு நம்பர் சொல்லிடறேன், இந்தக் கதையே அதுலதான் இருக்கு. போலந்து நாட்டு ஸ்பீட்வே டீம் 1961ல இருந்து 2023 வரைக்கும் 14 தடவை உலக டீம் பட்டம் ஜெயிச்சிருக்கு. நடுவுல 2018ல "இனிமே டீம்னா ஒரு ஜோடி"ன்னு போட்டியையே மாத்துனாங்க, அந்த ஜோடிப் போட்டி 2024 வரைக்கும் ஆறு தடவை நடந்துச்சு, அதுல போலந்துக்கு ஒரு தங்கம் கூட கிடையாது. அதே நாடு, அதே ரைடருங்க, அதே பைக்கு. போட்டியோட கணக்கு மட்டும்தான் மாறுச்சு.

இது ஏன்னு புரிஞ்சுக்கணும்னா முதல்ல ஸ்பீட்வே என்னன்னு தெரியணும். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு பைக் ரேஸ்னா மோட்டோஜிபி தான், முட்டி தரைல உரச படுத்துக்கிட்டே வளைவுல போறது. இது வேற சமாச்சாரம்.

மண் டிராக், முட்டை வடிவம், ஒரு சுத்து 260 மீட்டர்ல இருந்து 425 மீட்டருக்குள்ள. நாலு பேர் நிப்பாங்க, நாலு சுத்து, எப்பவும் இடது பக்கமாவே திரும்பணும், கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்துல ஆட்டம் முடிஞ்சிடும். இந்த ஒரு நிமிஷ ரேஸுக்குப் பேர்தான் ஹீட். பைக்குக்கு 500 சிசி எஞ்சின், ஒத்த சிலிண்டர், ரேஸ்ல ஒரே கியர், பெட்ரோலுக்கு பதில் மெத்தனால். எடை குறைஞ்சது 77 கிலோ இருக்கணும்னு விதி, அதாவது நம்ம ஸ்ப்ளெண்டர விட முப்பது கிலோவுக்கு மேல கம்மி. இன்னொண்ணு, பிரேக் கிடையாது. முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. கேட்டா பகீர்னு இருக்கும், ஆனா யோசிச்சு பாருங்க, நாலு பேரும் ஒட்டி ஒட்டி வளைவுக்குள்ள போறப்ப முன்னாடி போறவர் சடார்னு பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவர் கதி என்ன? யாருக்குமே பிரேக் இல்லன்னா அந்தப் பிரச்சனையே வராது.

அப்ப எப்படி திரும்புறாங்க? வழுக்கித்தான். வளைவு வந்ததும் பின் வீல வேணும்னே வெளிப்பக்கமா வழுக்க விடுவாங்க, வண்டி குறுக்கால போகும், போறது இடது பக்கம், ஆனா முன் வீல் வலது பக்கம் திரும்பி இருக்கும், இடது கால் ஷூவுக்கு அடில ஒரு இரும்புத் தகடு மாட்டியிருப்பாங்க, அந்தக் கால தரைல வச்சு இழுத்துக்கிட்டே போவாங்க. வேகத்த குறைக்கறதும் கூட்டறதும் எல்லாமே த்ராட்டில் தான். முதல் தடவை பாக்கறப்ப நாலு பேரும் விழப் போறாங்கன்னு தோணும், பத்து ஹீட் பாத்தீங்கன்னா அந்த வழுக்கல்தான் ஸ்டியரிங்னு புரியும்.

புள்ளி ரொம்ப சிம்பிள். முதல்ல வர்றவருக்கு 3, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1, கடைசிக்கு பூஜ்யம். லைட்ட பாத்து கிளம்பறது எல்லாம் கிடையாது, குறுக்கால டேப் கட்டியிருப்பாங்க, அது சட்டுனு மேல ஏறும், அதான் ஸ்டார்ட். டேப்ப தொட்டா வினை. கீழ விழுந்து ரேஸ் நின்னா, யாரால நின்னுச்சோ அவரத் தூக்கிட்டு மிச்சம் இருக்கறவங்களுக்கு மறுபடி ஸ்டார்ட் குடுப்பாங்க. பாதி ரேஸ் அந்த டேப் ஏறுற அரை நொடிலயே முடிவாயிடும், முதல் வளைவுக்கு யாரு முன்னாடி போறாங்களோ அவங்க தூக்கி அடிக்கற மண்ண பின்னாடி இருக்கறவங்க மூஞ்சில வாங்கணும். ரைடருங்க கண்ணாடி மேல நாலஞ்சு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி இருக்கறது அதுக்குத்தான், மண்ணு அப்புனதும் ஒண்ணொண்ணா கிழிச்சு எறிவாங்க.

சரி, இது தனி ஆள் ஆட்டமாச்சே, இதுல நாட்டு டீம்னு ஒண்ணு எப்படி? இங்கதான் இந்தக் கட்டுரையோட முக்கியமான சமாச்சாரம் வருது, கொஞ்சம் கவனமா படிங்க.

1960ல ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல உலக டீம் கப் ஆரம்பிச்சாங்க, முதல் கப்ப ஸ்வீடனே எடுத்துக்கிச்சு. ஃபைனல்ல நாலு நாடு, நாட்டுக்கு நாலு ரைடர், ஒவ்வொரு ஹீட்லயும் நாட்டுக்கு ஒருத்தர். மொத்தம் 16 ஹீட். ஒரு ஹீட்ல மூணும் ரெண்டும் ஒண்ணும் ஆறு புள்ளி, 16 ஹீட்டுக்கு 96 புள்ளி, அந்த 96ஐ நாலு நாடும் பிரிச்சுக்கும். ஒரு ரைடருக்கு நாலு ஹீட்தான், அதனால எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் அவரால 12 புள்ளிக்கு மேல கொண்டு வர முடியாது. இப்ப கணக்கு போடுங்க. ஒரு நாட்டுல ஒரு சூப்பர்ஸ்டார் இருக்காரு, அவர் 12 எடுக்கறாரு, மத்த மூணு பேரும் ஆளுக்கு அஞ்சு, மொத்தம் 27. இன்னொரு நாட்டுல சூப்பர்ஸ்டாரே இல்ல, நாலு பேரும் ஆளுக்கு எட்டு, மொத்தம் 32. கப் யாருக்கு? அந்த 32 சும்மா எடுத்த நம்பர் இல்ல, 1961ல போலந்து முதல் தடவை ஜெயிச்சப்ப எடுத்த ஸ்கோரே அதான், ரெண்டாவது வந்த ஸ்வீடன் 31.

ஆக டீம் கப்ப ஜெயிக்கறது உங்க நாட்டோட நம்பர் ஒன் ரைடர் இல்ல, நாலாவது ரைடர். இத மனசுல வச்சுக்கோங்க, போலந்து கதை முழுக்க இதேதான்.

அந்த நாலாவது ரைடர் எங்க இருந்து வர்றாரு? போலந்துல இந்த விளையாட்டுக்கு ஜூஜெல்னு பேரு. அது அவங்க பாஷைல நிலக்கரி எரிஞ்சு மிஞ்சுற கசடு, சூளைல அள்ளிப் போடுவாங்களே அந்த மாதிரி கருப்புக் கட்டி. அந்தக் காலத்துல டிராக்க அதாலதான் போட்டாங்க, அதான் விளையாட்டுக்கே அந்தப் பேர் நின்னு போச்சு, "கருப்பு விளையாட்டு"ன்னும் சொல்லுவாங்க. உலகப் போர் முடிஞ்ச கையோட 1948ல லீக் ஆரம்பிச்சிட்டாங்க. பெரிய நகரம்னு பாத்தா வ்ரொட்ஸ்வாஃப், லூப்லின் மாதிரி சிலதுதான், மத்தபடி லெஷ்னோ, கொஷூஃப், ரிப்னிக், டோருன், ஷெலோனா கூரா, செஸ்டோஹோவான்னு நடுத்தர ஊருங்க, சிலது நம்மூர் தாலுகா டவுன் மாதிரி. தலைநகர் வார்சா இந்த ஆட்டத்துல பெருசா கிடையாது, அங்க கால்பந்துதான். லெஷ்னோ மாதிரி ஊர்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஸ்டேடியத்துக்குப் போறது குடும்பப் பழக்கம், தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறையா ஒரே இடத்துல உக்காந்து பாப்பாங்க. அந்த ஸ்டேடியத்துக்குப் பேரு ஆல்ஃப்ரெட் ஸ்மோச்சிக், 1950ல பைக் விபத்துல செத்துப்போன அந்த ஊர் ரைடர். போலந்துல ஸ்பீட்வே ஸ்டேடியத்துக்கு ரைடர் பேரு வைக்கற பழக்கம் உண்டு, இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

இப்ப 1961க்கு வாங்க. ஃபைனல் வ்ரொட்ஸ்வாஃப்ல, ஒலிம்பிக் ஸ்டேடியத்துல. பேருதான் ஒலிம்பிக், ஒலிம்பிக்ஸ் ஒரு நாளும் அங்க நடக்கல. ஃப்ளோரியன் கபாவா, மரியான் கைசர், ஹென்ரிக் ஷிட்டோ இவங்கெல்லாம் இருந்த டீம். உலக சாம்பியன் ஓவே ஃபுண்டின் இருந்த ஸ்வீடன ஒத்தப் புள்ளில தாண்டுனாங்க. அடுத்து 1965, ஜெர்மனில கெம்ப்டன், சொந்த ஊர விட்டு வெளிய போய் எடுத்த முதல் தங்கம். 1966ல மறுபடி வ்ரொட்ஸ்வாஃப், அந்தத் தடவை 41 புள்ளி. 48தான் முழு மார்க்குன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு பாருங்க, ரெண்டாவது வந்த சோவியத் யூனியன் 25. ஃபைனல்னே சொல்ல முடியாது, ஊர்வலம் போன மாதிரி போயிருக்காங்க. ஆன்டோனி வோரினா, ஆன்ட்ரே விக்லெண்டா, ஆன்ட்ரே போகோஷெல்ஸ்கி இவங்கதான் அந்த டீமோட முதுகெலும்பு. வோரினா அதே வருஷம் தனிநபர் உலக ஃபைனல்ல வெண்கலமும் எடுத்தாரு, போலந்துக்கு தனிநபர்ல முதல் மெடல் அதான். 1969ல ரிப்னிக்ல நாலாவது தங்கம்.

கவனிச்சீங்களா, அந்தப் பத்து வருஷத்துல நாலு டீம் தங்கம், ஆனா தனிநபர் உலக சாம்பியன் ஒருத்தர் கூட இல்ல. நியூசிலாந்துக்கு பேரி பிரிக்ஸ், ஐவன் மாகர், ஸ்வீடனுக்கு ஃபுண்டின்னு ஜாம்பவான்கள் இருந்தாங்க. போலந்துகிட்ட நல்ல ரைடருங்க கூட்டமா இருந்தாங்க, அவ்வளவுதான். டீம் கப்புக்கு அந்தக் கூட்டமே போதுமா இருந்துச்சு.

தனிநபர் பட்டம் 1973ல வந்துச்சு, அது ஒரு தனி சினிமா. ஹொஷூஃப்ல சிலேசியா ஸ்டேடியம், ஒரு லட்சத்துக்கும் மேல கூட்டம். யெஷி ஷ்சாக்கியெல், ஒபோலே ஊர்க்காரர், பெருசா யாரும் எதிர்பாக்கல, ரெண்டு வருஷம் முன்னாடி கோத்தன்பர்க்ல நடந்த உலக ஃபைனல்ல இவர் எடுத்தது பூஜ்யம், நிஜமாவே பூஜ்யம். அதே 1971ல ரிப்னிக்ல விக்லெண்டாவோட சேந்து உலக ஜோடிப் பட்டத்த ஒரு புள்ளி கூட விடாம 30க்கு 30 எடுத்து ஜெயிச்சாரு, ஆக அன்னிக்கு எந்த ஷ்சாக்கியெல் வருவாருன்னு யாருக்கும் தெரியாது. ஹொஷூஃப்ல அஞ்சு ஹீட் முடிஞ்சு பாத்தா அவருக்கும் மாகருக்கும் ஆளுக்கு 13. பட்டத்துக்கு ரெண்டு பேரும் மட்டும் ஒரு ரேஸ் ஓட்டணும். மாகர் அப்பவே பல தடவை உலக சாம்பியன், இவரு ஒபோலேல இருந்து வந்த பையன். டேப் ஏறுனதும் ஷ்சாக்கியெல் முன்னாடி, மாகர் உள்பக்கம் நுழையப் பாத்தாரு, இவரோட பின் வீல்ல பட்டு விழுந்துட்டாரு. அவ்வளவுதான், போலந்துக்கு முதல் உலக சாம்பியன். அடுத்தவர் வர்றதுக்கு 37 வருஷம் ஆச்சு.

டீமுக்கும் அப்படித்தான் ஒரு வறட்சி. 1969க்கு அப்பறம் 1996 வரைக்கும் தங்கமே இல்ல, 27 வருஷம். எழுபதுகள்ல மானம் போகல, 1976ல லண்டன்ல ரெண்டாவது, 1977ல சொந்த வ்ரொட்ஸ்வாஃப்ல ரெண்டாவது. ஆனா எண்பதுகள் வந்ததும் சரிஞ்சு போச்சு. 1984ல லெஷ்னோல ஃபைனல், கூட்டம் எல்லாம் வந்துருச்சு, டென்மார்க் 44 எடுத்து கப்ப தூக்கிட்டு போச்சு, போலந்து 8. ஆமா, எட்டு. நாலு டீம்ல நாலாவது, அதுவும் சொந்த ஊர்ல.

ஆளுங்களுக்கு திறமை இல்லாமலா? இல்ல, இரும்புத் திரை காலம் அது, போலந்து மாதிரி கம்யூனிஸ்ட் நாடுங்கள மேற்கு நாடுங்ககிட்ட இருந்து பிரிச்சு வச்சிருந்த காலம். எழுபதுகள் நடுவுல மேற்குல நாலு வால்வு எஞ்சினுங்க வந்துச்சு, வெஸ்லேக் மாதிரி, பழைய ரெண்டு வால்வு எஞ்சின வச்சுக்கிட்டு அதுங்கள நேர் ரோட்டுல பிடிக்க முடியாது. புதுசு வாங்கணும்னா டாலரோ பவுண்டோ வேணும், போலந்து காச வெளிய யாரும் வாங்க மாட்டாங்க. சரி, இங்கிலாந்து லீக்ல போய் ஓட்டி சம்பாதிக்கலாம்னா அரசாங்கம் பெர்மிஷன் குடுக்கணும், அது ஒரு சிலருக்குத்தான் கிடைச்சுது. ஸெனோன் ப்ளெக், எட்வர்ட் யான்ட்சாஷ் மாதிரி சிலர் போனாங்க. ப்ளெக் 1979ல ஹொஷூஃப்ல தனிநபர் வெள்ளி எடுத்தாரு. ஆனா டீமோட நாலாவது ஆளு? அவரு வீட்டுலதான் இருந்தாரு, பழைய பைக்கோட. நாலாவது ஆளு தேங்குனா டீம் தேங்கும், மேல சொன்ன கணக்கு ஞாபகம் இருக்குல்ல.

1989ல ஆட்சி மாறுச்சு, எல்லை திறந்துச்சு, கம்பெனிக்காரங்க ஸ்பான்சர் பண்ண வந்தாங்க, எல்லாமே தலைகீழாச்சு. அதுவரைக்கும் உலகத்துல இருக்கற நல்ல ரைடருங்க இங்கிலாந்து லீக்குக்கு போயிட்டு இருந்தாங்க, இப்ப டென்மார்க், ஸ்வீடன், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஸ்டாருங்க எல்லாம் போலந்து லீக்குக்கு வர ஆரம்பிச்சாங்க. காசு இங்க, கூட்டம் இங்க. அதே நேரத்துல பிட்கோஷ் ஊர்ல இருந்து டோமாஸ் கோலோப்னு ஒருத்தர் கிளம்புனாரு. டிராக்ல வெளிப்பக்கம் தடுப்புச் சுவர உரசிக்கிட்டே எல்லாரையும் சுத்திப் போய் தாண்டுறது அவர் ஸ்டைலு, உள்பக்கம் சின்ன வட்டம் போட்டா தூரம் கம்மின்னு எல்லாரும் நினைக்கறப்ப இவரு வெளிய தூரமா போவாரு, ஏன்னா அங்கதான் மண்ணு குமிஞ்சு கிடக்கும், டயருக்கு பிடி கிடைக்கும். 1995ல தனிநபர் பட்டத்த ஒரே நாள் ஃபைனல்ல இருந்து கிராண்ட் பிரீ தொடரா மாத்துனாங்க, வரலாத்துலயே முதல் கிராண்ட் பிரீ வ்ரொட்ஸ்வாஃப்ல, அத ஜெயிச்சதும் கோலோப்தான். அடுத்த வருஷம் ஜெர்மனில டீடன்பெர்கன்ல கோலோப், பியோத்ர் ப்ரோட்டாஷெவிச், ஸ்வாவோமிர் ட்ராபிக் மூணு பேரும் டீம் தங்கத்தோட வந்தாங்க, வறட்சி முடிஞ்சுது.

இங்க ஒரு நேர்மையான குறிப்பு போட்டுடறேன். 1996ல டீமுக்கு மூணே பேர்தான். அதனால "போலந்து நாலு பேர் இருந்தாத்தான் ஜெயிக்கும்"ங்கற என் தியரிக்கு இது ஒரு ஓட்டை. தெரிஞ்சுதான் எழுதறேன்.

2001ல போட்டிய பெருசாக்கி ஸ்பீட்வே உலகக் கோப்பைன்னு மாத்துனாங்க, கப்புக்கு ஓவே ஃபுண்டின் பேரையே வச்சாங்க, டீமுக்கு ஆளு அஞ்சாச்சு. முதல் ஃபைனல் வ்ரொட்ஸ்வாஃப்ல, ஆஸ்திரேலியா வந்து ஜெயிச்சிட்டு போயிருச்சு, போலந்துக்காரங்க கடுப்பாயிருப்பாங்க. ஆனா 2005ல அதே வ்ரொட்ஸ்வாஃப்ல வட்டியோட வசூல் பண்ணாங்க, அதுக்கப்பறம் 2007, 2009, 2010, 2011, 2013, 2016, 2017. 2001ல இருந்து 2017 வரைக்கும் நடந்த 17 உலகக் கோப்பைல எட்டு போலந்துக்கு, டென்மார்க்குக்கு நாலு, ஸ்வீடனுக்கு மூணு, ஆஸ்திரேலியாவுக்கு ரெண்டு.

இந்த எட்டுக்கு காரணம் கேட்டா எல்லாரும் கோலோப், யாரோஸ்வாஃப் ஹாம்பெல்னு பேரா சொல்லுவாங்க. எனக்கு பெரிய காரணமா படறது லீக்ல இருக்கற ஒரு சின்ன விதி. போலந்து லீக் மேட்ச்ல 15 ஹீட், டீமுக்கு ரெண்டு ரைடர் வீதம் ஒவ்வொரு ஹீட்லயும். அதுல ரெண்டாவது ஹீட் ஜூனியருங்களுக்கு மட்டும். ஒவ்வொரு கிளப்பும் 21 வயசுக்குள்ள இருக்கற பசங்கள டீம்ல வச்சே ஆகணும், அவங்க ரெண்டாவது ஹீட்ல மட்டுமில்ல, மத்த ஹீட்லயும் பெரியவங்களோட நின்னு ஓட்டணும். மொத்தம் 90 புள்ளில 46 எடுத்தவங்க ஜெயிச்சாங்கன்னா, ஜூனியர் ஹீட்ல மூணு புள்ளி வித்தியாசம்ங்கறது மேட்ச்சையே மாத்தும், அதனால கிளப் முதலாளி வேற வழியில்லாம பயலுகளுக்கு ஸ்கூல் நடத்தறாரு, நல்ல எஞ்சின் வாங்கித் தர்றாரு, மெக்கானிக் போடறாரு. பதினாறு பதினேழு வயசுப் பையன் ஞாயித்துக்கிழமை ஆனா உலக சாம்பியன் பக்கத்துல டேப்புக்கு முன்னாடி நிக்கறான். தோத்தாலும் அடுத்த வாரம் மறுபடி நிக்கறான். 2005ல 21 வயசுக்குட்பட்டோர் டீம் உலகப் பட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, முதல் தடவையே போலந்து, அதுக்கப்பறமும் பெரும்பாலும் போலந்துதான். மத்த நாட்டுல நாலாவது ரைடர தேடணும், இங்க நாலாவது இடத்துக்கே பத்து பேர் சண்டை.

இவங்கள கட்டி மேச்சவர் மரெக் செஷ்லாக், 2007ல இருந்து 2020 வரைக்கும் மேனேஜர். அவரே எழுபதுகள்ல நாட்டுக்காக ஓட்டுனவர், இங்கிலாந்துல ஒயிட் சிட்டி டீமுக்கும் ஓட்டியிருக்காரு. 2007ல இருந்து 2017 வரைக்கும் வந்த ஏழு உலகக் கோப்பையும் அவர் கைல வந்ததுதான்.

இப்ப இன்னொரு கணக்கு, இத நானே உக்காந்து எண்ணுனேன். 14 தங்கத்துல 9 சொந்த மண்ணுல. 1961, 1966, 1969, 2005, 2007, 2009, 2011, 2017, 2023. வெளிய எடுத்தது கெம்ப்டன், டீடன்பெர்கன், டென்மார்க்ல வோயன்ஸ், ப்ராக், மான்செஸ்டர், ஆக அஞ்சுதான். இத வச்சு "வீட்டுல மட்டும் புலி"ன்னு கிண்டல் பண்றவங்க உண்டு. எனக்கு அது முழு நியாயமா படல. ஒண்ணு, கூட்டம் வர்றது போலந்துலதான், அதனால ஃபைனலையும் அடிக்கடி அங்கயே வைப்பாங்க. ரெண்டு, சொந்த மண்ணுல தோத்த கதையும் வண்டி வண்டியா இருக்கு, 1984ல வாங்குன அந்த எட்டு மார்க்க விடுங்க, 2014ல பிட்கோஷ்ல டென்மார்க்குகிட்ட ஒரே ஒரு புள்ளில கப்ப விட்டாங்க.

ஆனா ஹோம் டிராக் சாதகம்ங்கறது ஸ்பீட்வேல நிஜம், அது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. சில ஹீட்டுக்கு ஒரு தடவை டிராக்டர் வரும், மண்ண சுரண்டி சமமாக்கும், தண்ணி வண்டி வந்து தெளிக்கும். மண்ணுல ஈரம் எவ்வளவு, மேல மண் எவ்வளவு ஆழம், உள்பக்கம் கெட்டியா வெளிப்பக்கம் கெட்டியான்னு பாத்து ரைடருங்க பின் சக்கரத்து பல்சக்கரத்த மாத்துவாங்க, டயர் காத்த மாத்துவாங்க. அந்த மண்ணு எட்டாவது ஹீட்டுக்கு அப்பறம் எப்படி காயும்னு சின்ன வயசுல இருந்து பாத்தவனுக்கும் நேத்து ஃப்ளைட்ல வந்து இறங்குனவனுக்கும் வித்தியாசம் இருக்கும்ல? நம்மூர்ல பிட்ச்ச பத்தி பேசுவோமே, சேப்பாக்கத்துல மத்தியானத்துக்கு மேல பந்து திரும்பும்னு, அதே சமாச்சாரம்தான்.

மண்ணு போலந்துக்காரங்களையும் கவுத்திருக்கு. 2015 ஏப்ரல்ல வார்சால தேசிய ஸ்டேடியத்துல கிராண்ட் பிரீ வச்சாங்க, கால்பந்து மைதானத்துக்குள்ள மண்ணக் கொட்டி தற்காலிக டிராக். கோலோப்போட கடைசி கிராண்ட் பிரீ வேற, கூட்டம் அலைமோதுது. ஸ்டார்ட் மெஷின் வேலை செய்யல, டிராக் பேந்துக்கிட்டு வந்துச்சு, 12 ஹீட்டோட நிறுத்திட்டாங்க. உலகத்துக்கே ஸ்பீட்வே சொல்லிக் குடுக்கற நாட்டுல இப்படி ஒரு சொதப்பல்.

சரி, 2018க்கு வருவோம். உலகக் கோப்பைய நிறுத்திட்டு ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்னு கொண்டு வந்தாங்க. நாட்டுக்கு ஒரு ஜோடி, கூட ஒரு 21 வயசுக்குள்ள பையன். ஒவ்வொரு ஹீட்லயும் ரெண்டு நாடு மோதும், ரெண்டுக்கு ரெண்டு. சின்ன நாடுங்களும் ஜெயிக்கலாம்ங்கறது நோக்கம், நல்ல நோக்கம்தான், ஏன்னா எந்த நாட்டுலயும் ரெண்டு நல்ல ரைடர் கிடைச்சிடுவாங்க, நாலு பேருதான் கஷ்டம். போலந்தோட பலமே அந்த மூணாவது, நாலாவது, பத்தாவது ரைடருங்கதான், அவங்கள எல்லாம் வீட்டுல உக்கார வச்சாச்சு. 2018, 2019, 2020 மூணு வருஷமும் ரஷ்யா. எமில் சைஃபுத்தினோவ், ஆர்ட்டெம் லகுட்டான்னு ரெண்டு பேர், ரஷ்யாவுக்கு அந்த ரெண்டு பேர் போதும். இதுல வேடிக்கை, ரெண்டு பேரும் வருஷக்கணக்கா போலந்து லீக்ல ஓட்டி வளந்தவங்க, போலந்து தான் வளத்த ஆளுங்ககிட்டயே அடி வாங்குச்சு. 2021ல மான்செஸ்டர்ல கிரேட் பிரிட்டன், 2022ல ஆஸ்திரேலியா, 2024ல மறுபடி பிரிட்டன். போலந்துக்கு 2019, 2020, 2021 வரிசையா மூணு வெள்ளி.

பின்னாடி இதுல புள்ளி முறையையும் மாத்துனாங்க, 3-2-1-0க்கு பதில் 4-3-2-0. பாக்க சின்ன மாத்தம், ஆனா உள்ள விஷம் இருக்கு. உங்க ஆளு முதல்ல வந்து நாலு எடுத்தாலும், இன்னொருத்தர் கடைசில வந்தா மொத்தம் நாலுதான். எதிராளிங்க ரெண்டாவதும் மூணாவதும் வந்தா அஞ்சு. அதாவது ரேஸ ஜெயிச்சும் ஹீட்ட தோக்கலாம். அதனால முன்னாடி போறவர் ஓடிப் போயிடாம திரும்பிப் பாத்து, பார்ட்னருக்கு வழி விட்டு, பின்னாடி வர்றவர மறிச்சு ஓட்டணும். ஒரு நிமிஷத்துக்குள்ள, பிரேக் இல்லாம, மண்ணு பறக்கறப்ப. ஜோடியா ஓட்டறது தனி வித்தை, ரெண்டு பெரிய ஸ்டார சேத்து விட்டா வந்துடாது.

அந்த ஸ்டார் யாருன்னா பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக். 1995ல பொறந்தவர், கொஷூஃப் கிளப்ல வளந்தவர், இப்ப லூப்லின். தனிநபர் உலகப் பட்டம் 2019, 2020, 2022, 2023, 2024, 2025, மொத்தம் ஆறு, மாகருக்கும் ஸ்வீடன் டோனி ரிக்கார்ட்சனுக்கும் சமம். நடுவுல 2010ல கோலோப் ஒரு தடவை, அதுக்கு முன்னாடி ஷ்சாக்கியெல். நூறு வருஷ விளையாட்டுல போலந்துக்கு தனிநபர் சாம்பியன் மொத்தமே மூணு பேர்தான், ஆனா மூணாவது ஆளு ஆறு தடவை. 2023ல வோயன்ஸ்ல தப்பான ரேஸ் டிரெஸ் போட்டுட்டு வந்தாருன்னு அந்தப் போட்டில இருந்தே தூக்கிட்டாங்க, பைக்ல எந்தக் குறையும் இல்ல, சட்டைதான் பிரச்சனை, ஒரு ரவுண்டு புள்ளி மொத்தமும் போச்சு. அப்பவும் கடைசி ரவுண்டு டோருன்ல சமாளிச்சு பட்டத்த எடுத்துட்டாரு.

அதே 2023ல முழு டீமா ஓட்டற பழைய உலகக் கோப்பைய திரும்ப கொண்டு வந்தாங்க, ஃபைனல் வ்ரொட்ஸ்வாஃப்ல. யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்லணுமா? பிரிட்டன் கடைசி வரைக்கும் விடல, நம்ம நேரத்துக்கு ராத்திரி ஆயிடுச்சு, நான் லேப்டாப்ப மடில வச்சுக்கிட்டு, ஹெட்போன மாட்டிக்கிட்டு, சத்தம் வெளிய கேக்காம கத்திக்கிட்டு இருந்தேன். செஷ்லாக்குக்கு அப்பறம் வந்த ரஃபாவ் டோப்ருட்ஸ்கிக்கு மேனேஜரா அது முதல் உலகக் கோப்பை.

ஒரு விஷயத்த விட்டுட்டு போக முடியாது. டோருன்ல மோட்டோஅரீனான்னு அழகான ஸ்டேடியம், 2009ல திறந்தது, அதுக்கு மரியான் ரோஸே பேரு. 1966ல 41 புள்ளி எடுத்த அந்த டீம்ல இருந்தவர், 1970ல ஜெஷூஃப்ல ரேஸ்ல விழுந்து செத்துப்போனாரு. அந்தக் காலத்து ஹெல்மெட்டும் மரப் பலகைச் சுவரும் எப்படி இருக்கும்னு பழைய போட்டோ பாத்தா தெரியும். இப்ப வளைவுல காத்தடிச்ச தடுப்பு வச்சிருக்காங்க, பைக்ல இருந்து விழுந்தா எஞ்சின் தானா நிக்க மணிக்கட்டுல ஒரு கயிறு மாட்டியிருப்பாங்க. அப்பவும் அடி படுது. கோலோப்புக்கு நடந்தது ஸ்பீட்வேல இல்ல, 2017ல மோட்டோகிராஸ்ல, முதுகுத்தண்டுல அடிபட்டு வீல்சேர்ல இருக்காரு.

நீங்க முதல் தடவை பாக்கப் போறீங்கன்னா ஒரு வேலை செய்யுங்க. போலந்து ஸ்டேடியத்துல எல்லாரும் கைல பேனாவோட உக்காந்திருப்பாங்க, டிக்கெட்டோட சேத்து ஒரு புரோகிராம் புக்கு வாங்குவாங்க, அதுல ஒவ்வொரு ஹீட்டுக்கும் கட்டம் போட்டிருக்கும், ஹீட் முடிய முடிய அவங்களே நிரப்பிக்குவாங்க, ஸ்கோர்போர்டு இருந்தாலும். நீங்களும் ஒரு தாள்ல நாலு கோடு போட்டுக்கோங்க, நாலு நாடு, ஹெல்மெட் கலர் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். ரைடரோட பேரு வாயில நுழையலன்னா கவலைப்படாதீங்க, கலர வச்சு எழுதுங்க. நாலு நாட்டுப் போட்டியா இருந்தா எட்டு ஹீட் முடிஞ்சதும் டிராக்டர் வர்ற கேப்ல கூட்டிப் பாருங்க, அதுவும் மொத்தத்த மட்டுமில்ல, ஒவ்வொரு நாட்டுலயும் கம்மியா எடுத்த ரைடர் யாருன்னு ஒரு வட்டம் போடுங்க. நான் முதல்ல பாக்கறது அந்த வட்டத்தத்தான்.